உள்ளே இருந்தால் பாட வேண்டும்

அந்தச் சத்தமா அக்கா? கீழ் வீடு வரைக்கும் கேட்டுவிட்டதா? உள்ளே வாங்க, வாசலில் நின்று பேச வேண்டாம். பாப்பாவும் வரட்டும். பேர் என்ன சொன்னீங்க, இலக்கியாவா? இலக்கியா, செருப்பைக் கழற்றிவிட்டு வாம்மா. பார்த்து வா, அந்த இடத்தில் தரை வழுக்கும். வழுக்காது, ஆனால் வழுக்கலாம்.

உட்காருங்க. நேற்று ராத்திரி நீங்கள் கேட்டது ஒரு சத்தம் இல்லை அக்கா, இரண்டு. முதலில் ஓர் ஆம்பிளைக் குரல் கீர்த்தனை பாடியிருக்கும். அப்புறம் அதே கீர்த்தனை, அதே ராகம், ஆனால் கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி ஒரு கீச்சுக் குரலில். சரியா? முதல் குரல் என் வீட்டுக்காரர் எட்வினுடையது. பாத்ரூமிலிருந்து. இரண்டாவது யார் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

எனக்கு நேற்று சிரிப்பு வரவில்லை. இவர் ஒரு வரி பாடினால் சின்ன ரூமிலிருந்து அது ஒரு வரி பாடுகிறது. இருட்டு. நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, வேளாங்கண்ணித் தீர்த்தத்தைக் கதவுக்குக் கதவு தெளித்துவிட்டு, தூங்குகிற மகள் ஜோவியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடவுள் பாட்டைச் சாத்தான் கேலி பண்ணுவான் என்று எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனார்டா சொல்வார்கள். இவ்வளவு ராகமாகப் பண்ணுவான் என்று சொல்லவில்லை.

கிளி அக்கா. பொம்மைக் கிளி. ஜோவியின் நாலாவது பிறந்தநாளுக்கு மஸ்கட்டிலிருந்து என் பெரிய அண்ணன் அனுப்பியது. காதில் விழுகிறதை எல்லாம் திருப்பிச் சொல்லும். அட்டையோடேயே ஒரு தரம் பேச வைத்துப் பார்த்துவிட்டு, அவசரத்தில் சுவிட்சை அணைக்காமல் ஷோகேஸில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவ்வளவுதான்.

ராத்திரியில் ஒரு மனுஷன் ஏன் பாத்ரூமில் பாட வேண்டும் என்றுதானே பார்க்கிறீர்கள்? அது இந்த வீட்டுச் சட்டம். உள்ளே இருந்தால் பாட வேண்டும். வாசல் கதவைத் தவிர எந்தக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஜோவி எட்டு வைத்து நடந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்ததே, பார்த்தீர்களா? ஏதோ ஊரில் ஒரு குழந்தை உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல், கதவை உடைத்து... வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பேசக் கூடாது. கடைசியில் குழந்தை சிரித்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் சிரிக்காமலும் வந்திருக்கலாம் இல்லையா?

அதனால் பாட்டு. பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இவர் சி.எஸ்.ஐ. சபை, கீர்த்தனை பாடுவார். நான் ஆர்.சி., ஜெபமாலை சொல்லிக்கொள்வேன். விருந்தாளிகளுக்குத்தான் கொஞ்சம் சங்கடம். இவருடைய பேங்க் மேனேஜர் ஒருநாள் சாப்பிட வந்தார். அவருக்குப் பாட்டே வராதாம். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார். பதினாறேழில் தடுமாறி நின்றுவிட்டார். இவர் வெளியே இருந்து, "நூத்திப் பன்னெண்டு சார்" என்று எடுத்துக்கொடுத்தார்.

ஐயோ, இது என்ன பார்சல்? ஜோவிக்கா? எதற்கு அக்கா இதெல்லாம், முந்தாநாளே பிறந்தநாள் முடிந்துவிட்டதே. நன்றி அக்கா. டீப்பாயில் வையுங்கள், நான் அப்புறம் எடுத்து வைத்துவிடுகிறேன். ஜோவி! தொடாதே. பார்த்தது போதும். போ, இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு போய் விளையாடு. ஓடாதே.

இனிமேல் வைக்க இடம்தான் வேண்டும். என் பிள்ளையிடம் இல்லாத சாமான் கிடையாது. மஸ்கட்டில் ஒரு அண்ணன், சிங்கப்பூரில் ஒரு அண்ணன், பெங்களூரில் தம்பி. மூன்று பேருக்கும் போட்டி. சமையல் செட், டாக்டர் செட், பேசுகிற கரடி, தண்டவாளத்தோடு ரயில். சின்ன ரூமில் சுவர் முழுக்க ஷோகேஸ் அடித்து எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். வந்த அட்டைப்பெட்டி, வந்த கவர், எதையும் பிரிக்கவில்லை. எத்தனை வீட்டில் இப்படிப் பார்த்திருப்பீர்கள்? குழந்தைக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லாம் பேட்டரியை முழுங்கிவிட்டது, சக்கரத்தை முழுங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள். என் பிள்ளை ஒரு சக்கரம் முழுங்கியதில்லை.

சாவி என் கழுத்துச் சங்கிலியில், மாதா சுரூபத்தோடு ஊக்குக் குத்திக் கிடக்கும். சும்மா பூட்டி வைத்துக் கொடுமைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஷோகேஸ் முன்னால் பாய் விரித்து உட்கார வைப்பேன். கையைக் கட்டிக்கொண்டு எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு தடையும் கிடையாது.

நானும் அப்படி வளர்ந்தவள்தான். கான்வென்ட் பார்லரில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடுமாம். மூடி யாரும் பார்த்ததில்லை. ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் அந்தப் பொம்மையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். என்ன ஆசை தெரியுமா அதன் மேல்! கனவில் எல்லாம் வரும். ஒரு கீறல் கிடையாது. இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் அப்படியே நிற்கும்.

காபியை எடுங்க, ஆறுகிறது. சூடு பார்த்து.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் அக்கா. என் கையால் நான் கொடுத்த ஒரு சாமானை இவள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். சாப்பிடும்போது, தூங்கும்போது, கோவிலுக்குப் போகும்போது, "இது எங்கம்மா தந்தது" என்று. ஒன்றே ஒன்று. பெரிய ஆசையா? போன வருஷம் நான் கொடுத்தது ஒரு வெள்ளைக் கரடி. இவருடைய அக்கா, செல்வராணி மைனி கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு வாளி நிறைய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அவர்களுக்கு நாசரேத்தில் ஹார்டுவேர் கடை. முட்டுக்குழாய், வளைவுக்குழாய், கடையில் மிஞ்சினது எல்லாம் வாளியில். ஷோகேஸில் வைக்கிற லட்சணமா அது? வெளியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வருஷம் பூரா அதையேதான் கட்டிக்கொண்டு அழுதாள். என் கரடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே போகும் அது, நல்ல உயரத்தில், மேல் தட்டில்தான் இருந்தது.

மைனியோடு எனக்குப் போட்டி ஒன்றும் கிடையாது. சும்மா சொல்கிறேன்.

அதனால் இந்த வருஷம் ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கிவிட்டேன். இங்கே பாளையங்கோட்டையில் ஒரு கடை விடவில்லை. ஒரு கடையில் நல்ல பெண், முதலில் அன்பாகத்தான் பேசினாள்.

"இது எடுங்கக்கா. இதுல பேட்டரியே கெடையாது."

"பேட்டரி இல்லாமல் எப்படிப் பாடும்?"

"பாடாதுக்கா."

"பாடாவிட்டால் எதற்கு வாங்க வேண்டும்?"

களிமண் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள். "பிள்ளைங்க தின்னாலும் ஒண்ணும் செய்யாதுக்கா, மாவுதான்." பாருங்கள், தின்னும் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். பலூன் வெடிக்கும். பாசிமணி மூக்கில் போகும். கலர் பென்சிலில் முனை இருக்கிறது. படப் புத்தகம் காட்டினாள், நல்லதுதான், ஆனால் தாள் ஓரம் கையைக் கிழிக்காதா? கடைசியில் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, எதுத்தாப்ல பாத்திரக் கடை இருக்கு. ஒரு சில்வர் டம்ளர் வாங்கிப் பிள்ளை பேரு வெட்டிக் குடுங்க. ஒங்களுக்கு அது ஒண்ணுதான் தோதுப்படும்."

"சில்வருக்கு விளிம்பு இருக்குமே?"

அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். இப்போதெல்லாம் கடைகளில் பொறுமையே கிடையாது.

இவரிடம் கேட்டேன். "ஒண்ணும் வாங்காதே ஷெர்லி. ஷோகேஸ்ல இருந்து ஒண்ணை எடுத்துக் கையில கொடு. அவளுக்கு அது புதுசாத்தான் இருக்கும்" என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள் கஞ்சத்தனம். பேங்கில் வேலை பார்த்தால் புத்தி அப்படித்தான் போகும்.

சரி, பிள்ளையிடமே கேட்டுவிடுவோம் என்று ராத்திரி தூங்க வைக்கும்போது கேட்டேன். "ஜோவிக்குட்டிக்குப் பிறந்தநாளைக்கு அம்மா என்ன வாங்கித் தரட்டும்?"

யோசிக்கவே இல்லை அக்கா. "சாவி" என்றாள்.

"சாவியா? சாவியை வைத்து என்ன விளையாடுவாய்?"

"சாவி" என்றாள் மறுபடியும். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சங்கிலியை விரலால் உருட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள். பாசமான பிள்ளை.

எனக்கு ஒரே குஷி. கடைசியில் பிள்ளை வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டதே! மறுநாளே ஓடிப்போய் பிளாஸ்டிக் சாவிக் கொத்து வாங்கினேன். மஞ்சள், சிவப்பு, நீலம், அமுக்கினால் பாட்டு. பிறந்தநாள் வரைக்கும் பொறுக்க முடியாமல் அன்றே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று சின்ன ரூமுக்குப் போனாள். ஷோகேஸ் கதவில் மஞ்சள் சாவியை வைத்துப் பார்த்தாள், சிவப்பை வைத்துப் பார்த்தாள், நீலத்தை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து என் கையில் கொடுத்தாள். "இது பொய்ச் சாவி" என்றாள். பாட்டைக்கூடக் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் பிடிக்கவில்லை போல, என் பிள்ளைக்கு ரசனை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது பாருங்கள் ஒரு பொம்மை! சாவி கொடுத்தால் சுற்றிச் சுற்றி ஆடும். நீலப் பட்டுப் பாவாடை, சுருட்டை முடி, வெள்ளை ஷூ. சாவி நிஜ இரும்பு. படுக்க வைத்தால் கண்ணையும் மூடுமாம், அட்டையில் எழுதியிருந்தது. அட்டையைத்தான் படித்தேன், வெளியே எடுத்துப் பார்க்கவில்லை, அழுக்காகிவிடும்.

முந்தாநாள் காலையில் கொடுத்தேன். அட்டையைப் பிரிக்கக்கூட விட்டேன் அக்கா, அவ்வளவு ஆசை எனக்கு. பிள்ளை என்ன செய்தது? பொம்மையின் முதுகிலிருந்து சாவியை உருவியது. ஓடியது. எங்கே? அந்த ஷோகேஸுக்குத்தான். நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டாள். "இது இல்லம்மா." பெரிய மனுஷி மாதிரி. எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள்.

அன்றைக்குத்தான் மைனியும் வந்து இறங்கினார்கள். வாசலில் நிற்கும்போதே, "ஏளா ஷெர்லி, முன்கூட்டியே சொல்லிட்டேன், ஒன் வீட்டுக் கக்கூஸ்ல உக்காந்து பாட என்னால ஆவாது" என்றார்கள்.

"அப்போ கையாவது தட்டுங்க மைனி."

"ரெண்டு கையையும் தட்டிக்கிட்டு எப்படிளா?"

அவர்கள் கொண்டுவந்த பரிசு என்ன தெரியுமா? பளபளவென்று கலர் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி. பிரித்தால் ஒரு தாழ்ப்பாள். ஆமாம் அக்கா, தாழ்ப்பாள். பித்தளை. நாலு வயதுப் பிள்ளைக்கு!

"பிள்ளைக்கு ஊர்ப்பட்டதை வாங்கிப் போட்டாச்சு. நான் என்னத்த வாங்க? அவளுக்குன்னு ஒரு கதவு இருக்கா இந்த வீட்டுல?" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்கள். காபிகூடக் குடிக்கவில்லை. சின்ன ரூம் கதவில், ஜோவியின் நெஞ்சு உயரத்தில், நான் "மைனி, மைனி" என்று சொல்லச் சொல்ல முடுக்கிவிட்டார்கள். "ஒசரத்துல இருந்தாத்தாம்ளா ஆபத்து. எட்டுத மாதிரி இருந்தா அவளே போடுவா, அவளே தொறப்பா." அவர்கள் தம்பிக்காரர், அதான் என் வீட்டுக்காரர், என்ன செய்தார்? திருகாணியை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கேக் வெட்டக் கூப்பிட்டால் ஜோவி வரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த முகத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. என் பொம்மை சோபாவில் குப்புறக் கிடந்தது. மைனி பார்த்துவிடக் கூடாதே என்று நான் கிச்சனுக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். அன்றைக்கு வெங்காயம் போட்டு எதுவும் சமைக்கவில்லை.

நேற்றுக் காலையில் மைனி பஸ் ஏறியதும் அந்தத் தாழ்ப்பாள் மேல் டேப்பைச் சுற்றிவிட்டேன். நன்றாக இறுக்கி. என் பொம்மையையும் எடுத்து ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது பிடிக்காவிட்டாலும், வளர்ந்த பிறகு கல்யாணம் ஆகிப் போகும்போது கொடுக்கலாம். அதற்குப் பேத்தி பிறந்தாலும் விளையாடலாம். கையில் கொடுத்தால்தானே கெட்டுப்போகும்.

இன்றைக்குச் சாயங்காலம்கூட மிச்சமிருந்த பரிசை எல்லாம் அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் நீங்கள் பெல் அடித்தீர்கள், நான் போட்டது போட்டபடி...

அக்கா.

என் சங்கிலியைப் பாருங்கள். மாதா இருக்கிறார்கள் இல்லையா? பக்கத்தில் சாவி இருக்கிறதா? ஊக்கு மட்டும்தானே இருக்கிறது?

பிள்ளைகள் எங்கே?

கேட்கிறதா? அதே குரல். இவர் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை, பாத்ரூமில் ஆள் இல்லை, அப்புறம் கிளி யாரைப் பார்த்துப் பேசுகிறது? வாங்க அக்கா, நீங்களும் வாங்க. மெதுவாக. கதவு சாத்தியிருக்கிறது பார்த்தீர்களா? காலடியில் என்ன இது, உருட்டி உருட்டி எலுமிச்சம்பழம் மாதிரி? நான் சுற்றிய டேப் அக்கா. எப்போது பிய்த்தாள் இவள்?

ச்சூ. பேசுகிறார்கள். இது உங்கள் இலக்கியா குரல்.

"தொட்டுப் பாரு. ஒண்ணும் ஆவாது. ஒடஞ்சா எங்கப்பா ஒட்டித் தருவாங்க."

"ஒண்ணும் ஆவாது!" என்கிறது கிளி.

"ஜோவி! என்ன பண்ற உள்ள? தொடாதே! கண்ணுல குத்திரும்! வாயில வைக்காதே! கீழ வை, கீழ வை, கீழ வை!"

"தொடாதே! கண்ணுல குத்திரும்! வாயில வைக்காதே! கீழ வை, கீழ வை, கீழ வை!"

சிரிக்கிறார்கள். உங்கள் பெண்ணும் சேர்ந்துதான் சிரிக்கிறாள். நீங்களும்தான்.

நான் இப்படியா பேசுகிறேன் அக்கா? கீச்சுக் குரல் அந்தக் கிளியுடையது, சரி. ஆனால் அந்த வேகம்? மூச்சுவிடாமல் அந்தக் 'கீழ வை'? அசல் சிஸ்டர் லியோனார்டா. எனக்கே கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறந்துவிடும். தள்ளட்டுமா? கதவுக்குப் பின்னால் நின்றால்? மூக்கில் பட்டால்? வேண்டாம். இருங்கள், அவளே திறக்கிறாள். ஒரு இணுக்குத்தான். ஒரு கண் தெரிகிறது.

"அம்மா, நீ வரப்படாது. ஆடப் போவுது."

"என்னது ஆடுது?"

அக்கா, பாருங்கள்! என் பொம்மை. நான் கொடுத்த பொம்மை! கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். முடியெல்லாம் சிலுப்பி, ஒரு ஷூவைக் காணோம், பாவாடை ஏறிக் கிடக்கிறது. ஐயோ, அந்த ஷூ. எங்கே அந்த ஷூ? இலக்கியா வாயில் இல்லையே?

"ஜோவி, அம்மா சாவி எங்க?"

"அது எனக்கு. பர்த்டேக்குக் கேட்டேம்லா?"

இந்தச் சாவியையா கேட்டாள்? கேட்டீர்களா அக்கா? ஷோகேஸ் சாவி என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டாமா? நாலு வயது ஆகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன்!

"அம்மா, பாப்பா கண்ண மூடுது. படுக்கப் போட்டா மூடுது. காட்டட்டா?"

...

காட்டினாள். பார்த்தேன் அக்கா. நிஜமாகவே மூடுகிறது. இமையில் முடிகூட வைத்திருக்கிறான்.

ஒன்றுமில்லை, தூசி. இந்த ரூமில் தூசி ஜாஸ்தி. கையை நீட்டுகிறாள் பாருங்கள், உங்கள் பார்சல் வேண்டுமாம். கண் அங்கேயே இருந்திருக்கிறது. கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் அக்கா... இந்தா, பிடி. பேட்டரி இருக்கா அக்கா இதில்? இல்லையா. பரவாயில்லை. இருந்தாலும் பரவாயில்லை. பிரிச்சுக்கோ.

"தாழ்ப்பா போட்டுக்கிடவாம்மா?"

"தொறக்கத் தெரியுமா ஒனக்கு?"

"அத்த சொல்லித் தந்தாங்கல்லா."

"நெசமாத் தெரியுமா? ஒரு தடவ போட்டுத் தொறந்து காமி... சரி. இன்னொரு தடவ... சரி. ஆனா உள்ள இருந்தா என்ன செய்யணும்?"

"பாடணும்."

"நிறுத்தப்படாது. நீ நிறுத்துனா இலக்கியா பாடணும். அவ நிறுத்துனா நீ."

சாத்திவிட்டாள். பாடுகிறார்கள். இவளுக்கு அவள் அப்பா பாடுகிற கீர்த்தனை, உங்கள் பெண்ணுக்கு ஏதோ சினிமாப் பாட்டு, இரண்டையும் சேர்த்து அந்தக் கிளி. இன்றைக்கு ராத்திரியும் யாராவது மாடியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்பார்கள், பாருங்கள்.

அக்கா, என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லை, இறுக்கிப் பிடியுங்கள்.

டக்.

போட்டுவிட்டாள்.